தெரியாத டாக்சிக் கட்டணம்: முதலில் செயலியிடமா, வங்கியிடமா?

வருமான வரிக் கணக்குக்காக வங்கி அறிக்கையைத் தரவிறக்கி உட்கார்ந்த ஓர் இரவில் அந்த வரி கண்ணில் பட்டது. ரூ.412.68. கேள்விப்பட்டே இராத ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர். பக்கத்தில் பெங்களூரு. நான் பெங்களூரு பக்கம் போய் நான்கு வருடம் ஆகிறது. இணையத்தில் தேடியதில் அது ஒரு டாக்சி செயலி நிறுவனம் என்று தெரிந்தது. மணி பத்தரை. வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழைத்து, ‘இதை நான் செய்யவில்லை’ என்றேன். இரண்டு நிமிடத்தில் கார்டை முடக்கிவிட்டார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மனைவி ஜவுளிக்கடையிலிருந்து அழைத்தாள். கார்டு வேலை செய்யவில்லையாம், பின்னால் ஏழு பேர் நிற்கிறார்களாம். எங்களுடையது கூட்டுக் கணக்கு. ஆளுக்கொரு டெபிட் கார்டு. அந்த 412 ரூபாய், அவள் தன் அக்காவை எழும்பூரில் ரயிலேற்றிவிட அமர்த்திய டாக்சி. அறிக்கையின் அதே வரியில் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அச்சாகியிருந்தன. அவை என் கார்டின் இலக்கங்கள் அல்ல. தொகையைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன், அந்த நான்கு இலக்கங்களை மட்டும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் சொல்லப்போவது ‘நான் இந்த வண்டியில் போகவே இல்லை’ என்பதா, ‘போனேன், தொகை தப்பு’ என்பதா, ‘பணம் போனது, ஓட்டுநரிடம் சேரவில்லை’ என்பதா? மூன்றும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு, காலக்கெடு வேறு. தப்பான இடத்தில் போய் நின்றால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பணம் திரும்பாது.

முதல் அரை மணி நேரத்தை வீட்டுக்குள்ளேயே செலவிடலாம். ஓலா என்று நாம் அழைப்பது அறிக்கையில் ஏ.என்.ஐ. டெக்னாலஜீஸ் என்று வரக்கூடும். ராபிடோவின் பதிவுப் பெயர் ரோப்பன் டிரான்ஸ்போர்டேஷன் சர்வீசஸ். இரண்டும் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டவை என்பதால், திருவான்மியூரில் ஏறி அடையாறில் இறங்கியவரின் கணக்கிலும் பெங்களூரு என்று வரலாம். சில சமயம் அந்தப் பெயரும் வராது. நடுவில் பணம் வசூலித்துக் கொடுக்கும் ரேசர்பே, பேயூ போன்ற நிறுவனத்தின் பெயர் முன்னால் நிற்கும். தேதியும் ஏமாற்றும். சனிக்கிழமை இரவுப் பயணம் திங்கள் தேதியில் ஏறும். போன மாதம் ரத்து செய்த வண்டியின் அபராதமோ, பாதியில் நின்றுபோன பழைய பாக்கியோ இந்த மாதப் பயணத்தோடு சேர்ந்து ஒரே தொகையாக வரும். அந்தத் தொகையோடு பொருந்தும் பயணத்தைத் தேடினால் கிடைக்காது. செயலியின் பயண வரலாற்றில் ரத்தானவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அலுவலகப் பயணத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லோரையும் கேளுங்கள், குறிப்பாகக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை.

ஆட்டோவுக்குத் தனிக் குழப்பம் ஒன்று உண்டு. ஊபர் 2025 பிப்ரவரியிலிருந்து ஆட்டோக் கட்டணத்தைத் தன் கையில் வாங்குவதில்லை. ரொக்கமாகவோ யூபிஐ வழியாகவோ பயணி நேராக ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். நம்ம யாத்ரி போன்ற செயலிகளில் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே அறிக்கையில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்காது. ஒரு தனி மனிதரின் பெயர் இருக்கும். அது ஓட்டுநர் பெயராகக்கூட இருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இருப்பது சென்னையில் சகஜம். என் நண்பர் ஒருவரின் அறிக்கையில் 180 ரூபாய் ஒரு பெண்ணின் பெயருக்குப் போயிருந்தது. அவருடைய வீட்டில் அன்று நடந்த விசாரணை வங்கி விசாரணையைவிடக் கடுமையானது.

இவ்வளவு பார்த்த பிறகும் வரி தெரியாததாகவே இருந்தால்தான் முதலில் செயலியா, வங்கியா என்ற கேள்வி வருகிறது.

பயணம் உங்களுடையது, தொகையில்தான் தகராறு என்றால் செயலிதான் சரியான இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 240 ரூபாய் என்று காட்டிவிட்டு 387 எடுத்திருக்கிறார்கள், இறங்கிய பிறகும் ஓட்டுநர் பயணத்தை முடிக்காமல் அடுத்த தெருவரை ஓட்டியிருக்கிறார், போகாத சுங்கச்சாவடிக்குக் கட்டணம் சேர்ந்திருக்கிறது: இவற்றுக்கெல்லாம் சான்று செயலியின் கையில்தான் இருக்கிறது. வண்டி போன பாதை, நின்ற இடம், முடிந்த நேரம் எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். அந்தப் பயணத்தைத் திறந்து, அதற்குள் இருக்கும் உதவிப் பகுதியில் கட்டணம் பற்றிய புகாரைத் தேர்ந்து எழுதினால் போதும். இதே தகராறை வங்கியிடம் கொண்டுபோனால் வங்கி என்ன செய்யும்? நிறுவனத்திடம் கேட்கும். வாடிக்கையாளர் ஓடிபி கொடுத்தார், பயணம் நடந்தது என்று நிறுவனம் பதில் அனுப்பும். கோப்பு மூடப்படும். கூடுதலாக இன்னொரு நஷ்டமும் உண்டு: வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வாடிக்கையாளரின் கணக்கைச் செயலி நிறுவனங்கள் முடக்கிவிடுவது உண்டு.

செயலிவழிப் புகாரில் எனக்குப் பிடிக்காத விஷயம், பணம் திரும்பும் விதம். கூப்பனாக, செயலிக்குள் மட்டும் செல்லும் நாணயமாக, அடுத்த பயணத்துக்கான தள்ளுபடியாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடப் பார்ப்பார்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு ஓர் உத்தரவு போட்டது: திரும்பத் தரும் தொகை வங்கிக் கணக்குக்கா, கூப்பனாகவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும், ஆட்டோப் பயணங்களுக்கும் ரசீது தர வேண்டும். 2025 ஆகஸ்டில் அதே ஆணையம் தவறான விளம்பரத்துக்காக ராபிடோவுக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்துவிட்டு, ரூபாய்க்குப் பதில் அத்தகைய நாணயங்களைக் கொடுத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஆகவே புகாரின் முதல் வரியிலேயே ‘பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

ஆட்டோவில் நேராக ஓட்டுநருக்குப் பணம் கொடுத்திருந்தால் இந்த வழி அநேகமாக இல்லை. செயலி தன் கையில் வராத பணத்தைத் திருப்பித் தராது. வங்கியும் நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை மீட்டுத் தராது. ஓட்டுநரோடு பேசித் தீர்க்க வேண்டியதுதான். ஆட்டோவில் தொகையைத் தட்டுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை பார்ப்பது எல்லாப் புகாரையும்விட மலிவு.

யூபிஐயில் பணம் போய், ஓட்டுநரிடம் சேராமல், நீங்கள் ரொக்கமாக இன்னொரு முறை கொடுத்திருந்தால் விஷயம் சுலபம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள். டாக்சி நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை.

இப்போது வில்லங்கமான வகைக்கு வருகிறேன். வண்டியில் நீங்களும் போகவில்லை, வீட்டில் யாரும் போகவில்லை. இங்கே செயலிக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மதுரையிலிருக்கும் என் மைத்துனர் அதைத்தான் செய்தார்.

அவர் சிங்கப்பூர் போய்வந்தபோது கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைத்தார். திரும்பிய பிறகு மூட மறந்துவிட்டார். ஒரு இரண்டாம் சனிக்கிழமை அதிகாலையில் மூன்று குறுஞ்செய்திகள் வந்திருந்தன. அவர் கால்கூட வைக்காத ஓர் ஊரில் மூன்று டாக்சிப் பயணங்கள்: ரூ.1,940, ரூ.2,310, ரூ.1,675. ஓடிபி எதுவும் வரவில்லை. ‘ஓடிபி இல்லாமல் எப்படி எடுக்க முடியும்?’ என்பதுதான் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. ஓடிபி நம் நாட்டு விதி. வெளிநாட்டு நிறுவனம் வெளிநாட்டில் வசூலிக்கும்போது அது கட்டாயம் இல்லை. இந்த இடைவெளி ஒருகாலத்தில் இங்கேயும் இருந்தது. ஊபர் இந்தியாவுக்கு வந்த புதிதில் வெளிநாட்டுக் கட்டண வழியைப் பயன்படுத்தி, ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி 2014 ஆகஸ்டில், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், இந்தியாவுக்குள் நடக்கும் விற்பனைக்கு இந்த வழி செல்லாது என்று அறிவித்து அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. நவம்பரில் ஊபர் பேடிஎம் வாலட்டுக்கு மாறியது.

மைத்துனர் சனிக்கிழமை காலையிலேயே அந்த டாக்சி நிறுவனத்துக்கு எழுதினார். உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கிப் பதில். திங்கட்கிழமை, உங்கள் கணக்கில் அப்படிப் பயணம் எதுவும் இல்லையே என்று ஒரு பதில். உண்மைதான், அவர் கார்டை வேறு யாரோ தங்கள் கணக்கில் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள், அவர் கணக்கில் எப்படி இருக்கும்? செவ்வாய், புதன் இதே பேச்சில் போனது. வியாழக்கிழமைதான் வங்கிக்குப் போனார்.

அங்கேதான் அந்த நாள் கணக்கு இடித்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதியின் சாரம் இது. மோசடி உங்கள் தவறாலும் வங்கியின் தவறாலும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் நேர்ந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு பூஜ்யம். முழுத் தொகையும் வங்கியின் தலையில். நான்கிலிருந்து ஏழாம் வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளரும் ஓர் எல்லைவரை ஏற்க வேண்டும்: சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்புள்ள கார்டுக்கு 25,000. ஏழு நாளும் தாண்டிவிட்டால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

பத்தாயிரம் உச்சவரம்பு என்று கேட்கும்போது பாதுகாப்பாகத் தெரிகிறது அல்லவா? விதியைக் கவனமாகப் படியுங்கள். அந்த எல்லை பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி; பரிவர்த்தனைத் தொகை அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை முழுவதும் உங்களுடையது. லட்ச ரூபாய் நகை வாங்கிய மோசடியில் நான்காம் நாள் போனவருக்கு 90,000 தப்பும். 2,000 ரூபாய் டாக்சி மோசடியில் நான்காம் நாள் போனவருக்கு ஒரு ரூபாயும் தப்பாது. டாக்சிக் கட்டணம் எப்போதும் சிறு தொகை. ஆகவே இந்த வகை மோசடியில் மூன்று நாள் என்பதுதான் உண்மையான ஒரே பாதுகாப்பு. சனிக்கிழமை தகவல் வந்தது, வந்த நாள் கணக்கில் சேராது, ஞாயிறு விடுமுறை, திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள். மைத்துனர் போனது நான்காம் நாள். 5,925 ரூபாயும் அவர் தலையில்தான் என்று வங்கிக் கடிதம் வந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். நாள் எண்ணப்படுவது குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து. மாத அறிக்கையை நீங்கள் ஆற அமரத் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. குறுஞ்செய்திகளைப் படிக்காமல் குவியவிடுகிறவர்களுக்கு இந்த விதி அதிகம் உதவாது.

மைத்துனரின் பணம் கடைசியில் திரும்பியது, ஆனால் வேறு வழியில். கார்டுக் கட்டமைப்புகளுக்கு, அதாவது விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றுக்கு, சொந்தமாகத் தகராறு விதிகள் உண்டு. வங்கி அந்தக் கட்டமைப்பு வழியாக வணிகரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்குக் கெடு பெரும்பாலும் 120 நாள். கார்டு உரிமையாளரைச் சரிபார்க்காமல் எடுத்த தொகை என்றால் பொறுப்பு பொதுவாக வணிகர் பக்கம் சாயும். நான் சொல்லி அவர் அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்ட பிறகுதான் வங்கி எடுத்துச் செய்தது. எழுபது நாளுக்கு மேல் ஆனது. கேட்காமல் இருந்தால் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆக, நான் போகவில்லை என்று உறுதியானால் முதலில் வங்கி. அதே நாளில். கார்டை முடக்குங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், வங்கியின் மின்னஞ்சலுக்கும் எழுதிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு நாளை சான்று கேட்டால் உங்களிடம் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் தொகை, தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கம், குறுஞ்செய்தி வந்த நேரம், ஓடிபி வந்ததா இல்லையா ஆகியவை இருந்தால் போதும், கதை வேண்டாம். நீங்கள் புகார் செய்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். செயலிக்கும் எழுதுங்கள், ஆனால் அந்தப் பதிலுக்காக வங்கியைத் தள்ளிப்போடாதீர்கள்.

செயலி நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி அழைப்பது பேராபத்து. தேடினால் மேலே வரும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் பல மோசடிக்காரர்களுடையவை. 400 ரூபாயைத் திரும்பத் தருகிறேன் என்று திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்வார்கள், கணக்கே காலியாகும். உதவி கேட்பது செயலிக்குள் மட்டும். வங்கி எண் கார்டின் பின்புறத்தில் இருக்கிறது.

கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா என்பதும் கொஞ்சம் வித்தியாசம் செய்யும். டெபிட் கார்டிலும் யூபிஐயிலும் போனது உங்கள் பணம். திரும்பும்வரை இல்லாமல் சமாளிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் இன்னும் கட்டாத பணம். மோசடி என்று தகராறு செய்த தொகைக்கு, அது தீரும்வரை கட்டணம் எதுவும் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கிரெடிட் கார்டு வழிகாட்டுதல் சொல்கிறது. டாக்சிச் செயலிகளில் சேமித்துவைக்க ஒரு கார்டைத் தேர வேண்டுமென்றால், வரம்பு குறைவான ஒரு கிரெடிட் கார்டைத்தான் நான் சொல்வேன். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டு வேண்டாம்.

இதற்கு மேலே உள்ள இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. மோசடிதான் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். போன பணம் இன்னும் எங்காவது நின்றால் நிறுத்திவைக்க முடியும் என்பதால் முதல் சில மணி நேரத்தில்தான் அதற்கு மதிப்பு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தொலைபேசி எண் 14448. வங்கிக்கு எதிராக இதைவிடக் கூரிய ஆயுதம் கிடையாது. ஆனால் டாக்சி நிறுவனத்துக்கு எதிராக அங்கே போகக் கூடாது. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி உங்கள் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இருந்தாலும் 150 ரூபாய்க்காக ஓர் ஆண்டு அலைய எல்லோராலும் முடியாது. 1915 வரை போய் நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

சிறு தொகைதானே, போகட்டும் என்று விடலாமா என்று கேட்பவர்களுக்கு: தகராறு தொகையில் என்றால் விடலாம், அது உங்கள் நேரத்தின் விலை. பயணமே உங்களுடையது இல்லை என்றால் 20 ரூபாயாக இருந்தாலும் விடக் கூடாது. திருடிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சிறு தொகையில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொகைக்குப் போவார்கள்.

மைத்துனர் இப்போது வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவைத்திருக்கிறார். 2020 முதல் எல்லாக் கார்டுகளிலும் இருக்கும் வசதிதான்; விமானம் ஏறும்போது திறந்து, இறங்கியதும் மூடினால் போதும்.

என் மனைவியின் புதிய கார்டு எட்டாம் நாள் தபாலில் வந்தது. அதுவரை வீட்டுச் செலவெல்லாம் என் கார்டில் நடந்தது. அந்த மாத அறிக்கையில் எனக்குத் தெரியாத வரிகள் பதினொன்று. எதற்கும் நான் வங்கியை அழைக்கவில்லை.